மூக்குள்ள பொதுமக்கள்

இனிமேல் காலை எட்டு மணிக்கு முன்னால் எழுந்தால் என் பேர் சிட்டிபாபு இல்லை என்று சிட்டிபாபு சபதம் செய்தபோது மணி ஐந்தேகால். இடம், வீட்டுக் கொல்லை. கையில் சொட்டச் சொட்ட அரக்குக் கலர் பட்டு நூல்.

"சும்மா பிடிச்சிக்கினு நிக்காதீங்க. முறுக்கிப் பிழிங்க," என்றாள் காந்தா.

பிழிந்தார். சபதத்தை மனசுக்குள்தான் செய்திருந்தார். பெண்டாட்டி எதிரில் வாய்விட்டுச் சபதம் செய்யும் அளவுக்கு அவர் முட்டாள் இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

பாவம், மனிதர் பட்டு ஷோரூமில் சேல்ஸ்மேன். பதினோரு மணிக்குப் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்து, புடவையைப் பிரித்துக் காட்டி, மடித்து வைத்துவிட்டு வந்தால் போதும். எட்டு மணி வரை தூங்குவதை அவர் பரம்பரைச் சொத்தாகவே அனுபவித்து வந்தார். எட்டு மாசம் முன்னால் காந்தா கொல்லையில் ஒரு சாயத்தொட்டி போட்டாள். பொழுது போகத்தான் என்றாள். அவள் தோய்த்த அரக்கைப் பார்த்த நெசவுக்காரர்கள், வேறு அரக்கைத் தொடவே மாட்டோம் என்றுவிட்டார்கள். அப்புறமென்ன? தினமும் ஐந்து மணிக்கு "ஏங்க, எழுந்திருங்க."

அன்றைக்கே இன்னொரு பஞ்சாயத்தும் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு யேசுதாஸ் கையில் ஒரு வேட்டியோடு நின்றார்.

"பாபு, இது இன்னா கலர் சொல்லு?"

தொழில் புத்தி விடுமா? "ரோஸ். கடையில வெங்காயத்தோல் கலர்னு சொல்லுவோம்."

"யோவ், வெள்ளைய்யா! போன வாரம் வரைக்கும் வெள்ளை. எங்க கிணத்துத் தண்ணியில ரெண்டு தபா தோய்ச்சேன். சர்ச்சுல பாதிரியாரே ஒரு நிமிஷம் ஜெபத்தை நிறுத்திட்டாருப்பா."

காந்தாவின் முகம் சுண்டிப் போயிற்று. "மன்னிச்சிக்கோங்கண்ணா. வேற வேட்டி எடுத்துத் தரேன். சாயத் தண்ணி பூமியில இறங்குதேன்னு எனக்கே உறுத்திக்கினுதான் இருக்குது." புருஷன் பக்கம் திரும்பினாள். "அதுக்குத்தான் தலைப்பாடா அடிச்சிக்கிறேன். ஐயம்பேட்டை தாண்டி பொதுச் சாயக்கூடம் இருக்குது. கழிவுத் தண்ணிய அங்கயே சுத்தம் பண்றாங்க. பொறுப்பாளர்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டா நமக்கும் ஒரு தொட்டி குடுப்பாங்க."

"என் கையெழுத்து ஐயம்பேட்டைக்கெல்லாம் போவாது. இங்க பிழியறது பத்தாதா?"

"நல்லவேளை நானு," என்றார் யேசுதாஸ் கிளம்பும்போது. "வேற யாராவது இருந்தா மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிப் போட்ருப்பான். வந்து மூடிட்டுப் போயிடுவாங்க."

சிட்டிபாபுவுக்குத் தூக்கம் சுத்தமாகக் கலைந்தது. மூடிவிடுவார்களா? அட, இப்படி ஒரு புண்ணியவான் ஆபீஸ் இந்த ஊரில் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்ததுமே உட்கார்ந்தார். எழுத்து அடையாளம் தெரியக்கூடாதே என்று இடது கையால் எழுதினார். இன்ன தெருவில், இன்ன கதவு எண் வீட்டில் திருட்டுத்தனமாகச் சாயம் காய்ச்சுகிறார்கள், நாற்றம் தாங்கவில்லை, விடிவதற்குள் ஓர் அப்பாவி மனிதர் அங்கே சித்திரவதை செய்யப்படுகிறார், ஆகவே உடனே மூடவும். இப்படிக்கு, மூக்குள்ள பொதுமக்கள்.

மனு பிரமாதமாக வந்துவிட்டது. ஆனால் தபால் பெட்டி இரண்டு தெரு தள்ளி இருந்தது. வெயில் வேறு. சிட்டிபாபுவின் மூளை பளிச்சென்று வேலை செய்தது.

"காந்தா, மார்க்கெட் போறியா? இந்தக் கவரை தபால்ல போட்டுடு. ஷோரூம் வாசல்ல சாக்கடை அடைச்சிக்கினு கெடக்குது. முதலாளி வாரியத்துக்கு எழுதச் சொன்னாரு."

"குடுங்க," என்று வாங்கிக் கொண்டாள்.

அவள் தலை மறைந்ததும் மனிதர் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தார். தன் தொட்டிக்குத் தானே பூட்டுப் போடப் போகிறாளே!

பதினோராம் நாள் வாரியத்திலிருந்து உதவிப் பொறியாளர் அபிநயா வந்து இறங்கினார். சின்னப் பெண்தான். ஆனால் கண் எல்லா இடத்துக்கும் போயிற்று. தொட்டியைப் பார்த்தார். சாயத்தண்ணீர் போகும் குழியைப் பார்த்தார். யேசுதாஸ் வீட்டுக் கிணற்றையும் எட்டிப் பார்த்தார்.

"இசைவாணை இருக்குதாம்மா? வாரியத்துல அனுமதி வாங்கியிருக்கீங்களா?"

"இல்லை மேடம்."

"அய்யய்யோ!" என்றார் சிட்டிபாபு. "இதுக்கெல்லாம் அனுமதி வாங்கணுமா?"

அபிநயா குழியிலிருந்து தண்ணீர் எடுத்தார். அதை இரண்டு பாட்டிலாகப் பங்கிட்டு அரக்கு வைத்து முத்திரையிட்டார். "ஏமாத்திட்டாங்கன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது பாருங்க. வீடு உங்க பேர்லதானே சார்? பாட்டில்ல ஒட்டற ரெண்டு சீட்டுலயும் கையெழுத்து போடுங்க."

வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக சிட்டிபாபு கையெழுத்துப் போட்டதில்லை. போட்டுவிட்டு மெல்லக் கேட்டார். "புகார் குடுத்தது யாரு மேடம்?"

"அதை நாங்க வெளிய சொல்றதில்லை சார்."

அப்பாடா! எப்பேர்ப்பட்ட ஆபீஸ்!

"குடியிருக்கற எடத்துல சாயம் போடறது கூடாது. சார் பேருக்கு நோட்டீஸ் வரும். பதினஞ்சு நாள்ல பதில் குடுக்கணும். இல்லன்னா கரண்ட்டைத் துண்டிக்கச் சொல்லிடுவோம்."

அன்று சாயந்திரமே காந்தா தொட்டியை வடித்துக் கவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் சிட்டிபாபு எட்டு மணிக்கு எழுந்தார். அதற்கு மறுநாள் எட்டரை. மூன்றாம் நாள் ஒன்பது. நான்காம் நாள் ஐந்து மணிக்கே முழிப்பு வந்து தொலைத்தது. கொல்லையில் எட்டிப் பார்த்தார். கவிழ்த்த தொட்டிமேல் காந்தா உட்கார்ந்திருந்தாள். கையில் கடைசியாகத் தோய்த்த அரக்கு நூல். அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவர் கடையில் ஆயிரம் புடவை பிரித்தவர். இவள் அரக்குபோல் ஒரு அரக்கு அவர் பார்த்ததில்லை. அதை ஒரு நாள்கூட வாயைத் திறந்து சொன்னதில்லை. அடப் பாவி, தூக்கத்துக்காக இவள் கையைக் கட்டிப் போட்டுவிட்டேனே என்று தன்னையே திட்டிக் கொண்டார்.

நோட்டீஸ் வந்தது. காந்தா நாலு பக்கத்துக்குப் பதில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். மூக்கை உறிஞ்சினாள்.

"உங்க பேருக்கு வந்திருக்குது. நீங்கதான் கையெழுத்து போடணும். படிச்சிப் பாருங்க."

படிப்பதா? அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்," என்று நாலு பக்கத்திலும் மளமளவென்று போட்டுத் தள்ளினார்.

மூன்றாம் வாரம் அபிநயா மறுபடி வந்தார். கொல்லையில் தொட்டி இல்லை என்று குறித்துக் கொண்டார். பிறகு சிட்டிபாபுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க பதில் ரொம்ப ஒழுங்கா இருந்துச்சு சார். பொதுச் சாயக்கூடத்துல எடமும் வாங்கிட்டீங்க. கழிவுநீருக்கு நீங்களே பொறுப்பாளர்னு உறுதிமொழி வேற குடுத்திருக்கீங்க. தினமும் மீட்டர் பார்த்து ரிஜிஸ்தர்ல எழுதணும். ஒரு நாள் விட்டாலும் உங்களைத்தான் கேட்போம்."

"எத்தனை மணிக்கு மேடம்?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நமக்கு ஒதுக்கினது காலைல அஞ்சரைங்க," என்றாள் காந்தா. "நாலே முக்கால் ஷேர் ஆட்டோவைப் பிடிச்சாத்தான் சரியா இருக்கும்."

அபிநயா போனபின் சிட்டிபாபு பொங்கினார். "எல்லாம் அந்தப் புகார் குடுத்த படுபாவியால வந்தது!"

காந்தா பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். வாரியத்தின் முத்திரை குத்திய நகல். கோணல் மாணலான இடது கை எழுத்து. மூக்குள்ள பொதுமக்களை அடித்துவிட்டு, கீழே அழகாக 'காந்தா' என்று கையெழுத்து, போன் நம்பரோடு.

"பேர் இல்லாத மனுவைக் குப்பையிலதான் போடுவாங்களாம். கவர்ல ஸ்டாம்பும் ஒட்டல நீங்க. அதான் நானே நேர்ல போய்க் குடுத்துட்டு வந்தேன். யேசுதாஸ் அண்ணன் கிணறு பொழைச்சிச்சு, எனக்கும் உங்க கையெழுத்து கிடைச்சிச்சு."

சிட்டிபாபு வாயைத் திறந்தார். கடைசியில், "உன் அரக்கு நல்லாத்தான் இருக்குது," என்றார்.

காந்தாவுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தது. பையிலிருந்து புது நோட்டுகள் இரண்டை எடுத்து அவர் எதிரில் வைத்தாள்.

"தினம் ரெண்டு ரிஜிஸ்தர் எழுதணுமாங்க. உங்களுக்கு இன்னா கஷ்டம், ரெண்டு கையிலயும் எழுதறீங்களே!"