ஏழாம் நம்பர் ரோலர்

ஐந்தாவது முறை எண்ணியபோதும் ஒன்பதுதான் வந்தது.

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, எண்ணெய் மினுங்கும் எஃகு ரோலர்களை அதன்மேல் வரிசையாக நிறுத்தியிருந்தாள் அக்கா. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம், பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம், தலையில் ஓர் எண். ஒன்றிலிருந்து ஆறு வரை ஒழுங்காக இருந்தன. எட்டும் ஒன்பதும் பத்தும் இருந்தன. ஏழைத்தான் காணோம்.

நாற்பத்து மூன்று வயதில் கல்லூரியில் சேர்ந்தால் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அக்காவாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆசிரியரே ஒருநாள் வாய் தவறி 'அக்கா, அந்த ஜன்னலைச் சாத்துங்க' என்று சொல்லிவிட்டு, பீரியட் முடியும்வரை கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினார்.

படிப்பு, உற்பத்தித் தர ஆய்வு. ஒரு வருடம், மாலை வகுப்பு. அக்கா ஒரு பம்ப் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் பதினேழு வருடமாக நின்றபடியே அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள். இதில் தேறிவிட்டால் தர ஆய்வாளர் வேலை. கண்ணாடி அறை, தனி மேசை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்காகத்தான் அவளுடைய இரண்டு முட்டிகளும் ஒரு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தன.

தேறாவிட்டால் மறுபடி பேக்கிங் மேசைதான். அங்கே சூப்பர்வைசர் அவளுடைய சொந்தக் கொழுந்தன். 'நிதானமா படிச்சிட்டு வாங்க அண்ணி. உங்க இடத்துல நான் யாரையும் போடல' என்று பார்க்கும்போதெல்லாம் பாசமாகச் சொல்லுவான். அந்தப் பாசத்தை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசிச் செய்முறைத் தேர்வுக்கு வகுப்புக்கே ஒரு தகரப் பெட்டிதான். உள்ளே பத்து ரோலர்களும், அவற்றின் கனத்தை அளக்க ஒரு மைக்ரோமீட்டரும். எல்லோரும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் என்பதால், முறை வைத்து ஆளுக்கு இரண்டு நாள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒவ்வொரு ரோலரையும் மூன்று முறை அளந்து, ரெக்கார்டில் எழுதி, 'தேறும்', 'தேறாது' என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். ஆசிரியரின் பீரோவில் விடைத்தாள் இருக்கிறது. ஒரே ஒரு ரோலரின் முடிவு மாறினாலும் போச்சு, அடுத்த வருடம் பார்க்கலாம். பன்னிரண்டு பேரில் அக்காவின் முறை கடைசி.

வெள்ளிக்கிழமை மாலை பெட்டியைக் கொடுத்த கல்லூரி ஸ்டோர்காரர், 'பத்து ரோலர்களைச் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்த பதிவேட்டை நீட்டினார். பஸ் கிளம்பும் நேரம். அக்கா பெட்டியைத் திறக்காமலே கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். சரிபார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பதுதான் அந்தப் படிப்பின் முதல் பாடம். அந்தப் பாடத்தில் அவள் எண்பத்தெட்டு மார்க் வாங்கியிருந்தாள்.

பஸ் ஒரு திருப்பத்தில் குலுங்கியபோது மடியிலிருந்த பெட்டி விழுந்து மூடி திறந்துகொண்டது. அவசர அவசரமாகப் பொறுக்கிப் போட்டாள். ஏழு அப்போதுதான் உருண்டிருக்க வேண்டும்.

உடனே பஸ் டிப்போவுக்கு ஓடினாள். தொலைந்த பொருள் அறையில் ரோலர் எதுவும் வரவில்லை என்றார்கள். வெறும் கையோடு அனுப்ப மனமில்லாமல் ஒரு பழைய குடையைக் காட்டி, இதுவா பாருங்கள் என்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வேறு சந்தேகம் வந்தது. எண்ணெய்க் கையைத் துடைத்த துண்டை வாஷிங் மெஷினில் போட்டாளே, அதோடு ரோலரும் போயிருக்குமோ? தெருமுனையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவள் கணவர் எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பார்க்கச் சொன்னால் மறுப்பதில்லை. அடிக் குழாயைக் கழற்றினார். ரோலர் வரவில்லை. போன வருடம் தொலைந்த ஒரு சட்டைப் பித்தானும், சமையலறை முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீரும் வந்தன.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் வந்து நின்றான்.

"என்ன அண்ணி, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டே கேட்டான்.

வந்த விஷயத்தையும் சொன்னான். கம்பெனி செலவில் படிக்கிறவர் என்பதால், திங்கட்கிழமை ரிசல்ட்டைக் கையோடு வாங்கிவர மேனேஜர் ஓர் ஆளை அனுப்புகிறாராம். வேறு யாரை அனுப்புவார்? சொந்தக்காரனாச்சே என்று அவனையேதான் அனுப்புகிறார்.

அவன் போனதும் அக்கா தண்ணீரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தொலைத்ததைச் சொன்னால் பதிவேட்டில் இருக்கும் கையெழுத்தைக் காட்டுவார்கள். சொல்லாவிட்டால் ஏழாம் நம்பருக்கு எதை எழுதுவது?

"ஒரு உருண்டைக் கம்பித் துண்டுதானே, அதுக்கா இப்படி உக்காந்துட்ட?" என்றார் கணவர். "அளவை மட்டும் சொல்லு. கடைஞ்சு குடுத்துடறேன்."

அளவு தெரிந்தவர்கள் அவளுக்கு முன்னால் பெட்டியை எடுத்துப் போனவர்கள்தான். சனிக்கிழமை காலையில் மூன்று பேருக்குப் போன் போட்டாள். ஏழாம் நம்பர் எவ்வளவு வந்தது என்று கேட்டதும் மூன்று பேரும் முதலில் சொன்ன வார்த்தை 'ஏன்?' என்பதுதான். முதல் பையன் நெடுநேரம் இருமிவிட்டு 12.02 என்றான். இரண்டாமவன், சிக்னல் சரியில்லை என்று தெளிவான குரலில் சொல்லிவிட்டு 11.97 என்றான். வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கும் பெண் 12.04 என்றாள். தான் சொன்னதாக யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஒரே ரோலர், ஒரே மைக்ரோமீட்டர், மூன்று அளவு. இந்த லட்சணத்தில் அளக்கிறவர்கள் எல்லாம் நாளைக்கு ஆய்வாளர்கள் என்று அக்காவுக்கு வருத்தமாக இருந்தது. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, 12.01 என்று கணவரிடம் எழுதிக் கொடுத்தாள்.

அவர் பட்டறையில் அந்தக் கனத்துக்கு ஒரே ஒரு கம்பித் துண்டுதான் மிச்சமிருந்தது. அதை லேத்தில் பிடித்து, கடைந்து, அறுத்து, தலையில் ஏழு என்று குத்தி, மதியத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். அளந்து பார்த்தால் அச்சு அசலாக 12.01. அக்காவுக்குப் புருஷன்மேல் புதிதாக ஒரு மரியாதை வந்தது.

ஆனால் மற்ற ஒன்பதும் மங்கிப்போய் நிற்க, நடுவில் இது மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது.

பழசாக்க வேண்டும் என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கரைத்து, அதில் ரோலரைப் போட்டு, அரைமணி நேரத்தில் எடுக்க நினைத்தாள். ஈரச் சமையலறையைத் துடைக்கும் மும்முரத்தில் மறந்துபோனாள். ஞாயிற்றுக்கிழமை காலை கிண்ணத்தைப் பார்த்தபோது ரோலர் செங்கல் நிறத்தில் இருந்தது.

உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்தாள். துரு போகும்வரை தேய்த்தாள். துரு போனபிறகு கறை போகும்வரை தேய்த்தாள். கடைசியில் அது மற்ற ஒன்பதின் கூடப் பிறந்தது மாதிரியே மங்கலாக வந்துவிட்டது. சந்தோஷமாக மைக்ரோமீட்டரில் வைத்தாள். 11.94 என்றது.

ரோலர் தேற வேண்டுமானால் குறைந்தது 11.95 இருக்க வேண்டும்.

இன்னொரு தடவை வைத்தாள். திருப்பி வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். மைக்ரோமீட்டர் மனம் மாறுவதாக இல்லை.

"12.01னு எழுதிடு. நான் கடைஞ்சு குடுத்தது அதுதானே" என்றார் கணவர்.

"இப்ப அது இல்லையே. அளந்துட்டேனே."

"அப்ப என்ன எழுதப் போற?"

"தேறாதுன்னுதான்."

 இருபத்தைந்து வருடத்தில் தன் பட்டறையிலிருந்து போன ஒரு சாமான்கூடத் திரும்பி வந்ததில்லை என்றும், முதல் ரிஜெக்ட், கட்டின பெண்டாட்டி கையால்தான் வரவேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது போலும் என்றும் கணவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு திங்கட்கிழமை காலை காபி வரை அந்தச் சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.

அக்கா பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பொய் ரோலர் செய்தாயிற்று, அதைப் பழசாக்கியும் ஆயிற்று. இனி ஒரு பொய் எண் எழுதுவதில் என்ன வந்துவிடப் போகிறது? ஆனால் லேப் சுவரில் ஆசிரியர் தன் கையால் எழுதி மாட்டியிருக்கும் 'அளக்காமல் எழுதாதே' என்ற அட்டை கண்முன்னால் வந்து நின்றது. கை ஓடவில்லை. மூன்று கட்டத்திலும் 11.94 என்று எழுதி, பக்கத்தில் 'தேறாது' என்று போட்டாள். நாற்காலி போய்விட்டது என்று நினைத்ததும் அழுகை வந்தது.

திங்கட்கிழமை லேபில் நான்கு பேர். மேசைக்குப் பின்னால் ஆசிரியர். நூலிழைப் பிழையைக்கூட விடமாட்டார் என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மைக்ரான் சார். பீரோ அருகில் சாவிக்கொத்தோடு ஸ்டோர்காரர். கதவோரம் கம்பெனி பேட்ஜோடு கொழுந்தன். நடுவில், குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல அக்கா.

ஸ்டோர்காரர் பெட்டியை வாங்கித் திறக்காமலே பீரோவில் வைக்கப் போனார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் திருட்டுத்தனம் செய்தவர்களுக்குத்தான் யோக்கியத்தை நிரூபிக்கும் ஆசை அதிகம்.

"எண்ணிப் பாத்துடுங்கண்ணே. பத்தும் இருக்கு" என்றாள்.

அதெல்லாம் வேண்டாம், இத்தனை வருடமாக யாரும் எண்ணியதில்லை என்று அவர் சொன்னார். மைக்ரான் சாரும் நிமிராமலே, மாணவர்கள்மேல் நம்பிக்கை இருக்கிறது என்றார். கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை.

"எண்ணிடுங்க சார். எங்க கம்பெனியில எண்ணாம ஒரு ஆணியக்கூட உள்ள விடமாட்டோம்."

வேறு வழியில்லாமல் ஸ்டோர்காரர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆறு வரை சத்தமாக எண்ணியவர் அடுத்ததைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டார். தலையைப் பார்த்தார், ஆசிரியரைப் பார்த்தார்.

"சார்... ஏழு."

மைக்ரான் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். ரோலரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் நெற்றி வியர்த்துவிட்டது.

"இதுதான் ஏழா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏழுதான் சார்" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தாள்.

அவர் போய் உட்கார்ந்து, பீரோவிலிருந்து விடைத்தாளை எடுக்கச் சொல்லி, அவளுடைய ரெக்கார்டோடு ஒத்துப் பார்த்தார். ஒன்பதும் சரியாக இருந்தன. ஏழாம் நம்பருக்கு விடைத்தாளில் 12.00, தேறும் என்று இருந்தது. அக்காவுடையது 11.94, தேறாது. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தன் முகத்தில் துக்கத்தை வரவழைக்கப் படாத பாடு பட்டான்.

"ஒண்ணு தப்பாயிடுச்சே அண்ணி. பரவால்ல விடுங்க. உங்க மேசை காலியாத்தான் இருக்கு."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அக்கா நிமிர்ந்து நின்றாள்.

"சார், அந்த ஏழாம் நம்பரைப் பத்தி உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும்."

"வேணாம்மா" என்றார் மைக்ரான் சார் அவசரமாக. "ஏழாம் நம்பரைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்."

மைக்ரோமீட்டரை எடுத்து, தானே அந்த ரோலரை மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் 11.94. சிவப்புப் பேனாவை எடுத்துத் தன்னுடைய விடைத்தாளையே அடித்துத் திருத்தி, '11.94, தேறாது, இன்று முதல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அக்காவின் ரெக்கார்டில் 'தேர்ச்சி' என்று எழுதி, கொழுந்தனிடம் நீட்டினார்.

கொழுந்தன் அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப பேக்கிங் மேசைக்கு, அண்ணி?"

"யாரையாவது போட்டுக்கோங்க தம்பி" என்றாள் அக்கா.

வராந்தாவுக்கு வந்தும் அவளுக்கு நிம்மதியில்லை. ஆசிரியர் தன் விடைத்தாளையே தப்பென்று திருத்தும்படி செய்துவிட்டோமே, அந்தப் பாவத்தை எங்கே கொண்டு கரைப்பது? பின்னாலேயே சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கப் பதிவேட்டோடு வந்தார் ஸ்டோர்காரர். அவரிடம் பஸ்ஸிலிருந்து உப்புத்தாள் வரை மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். நிஜமான ஏழாம் நம்பரைத் தொலைத்தது தான்தான், பெட்டியில் இருப்பது புருஷன் கடைந்தது என்று சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

ஸ்டோர்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீங்க எங்கம்மா தொலைச்சீங்க? பெட்டி வாங்கின நாள்லேர்ந்து அதுல ஒன்பதுதான். இந்தப் பன்னெண்டு வருஷத்துல, நம்ம சாரையும் சேத்து, ஏழாம் நம்பரை நெஜமாவே அளந்து எழுதின மொத ஆளு நீங்கதான்."