மீன் போட்ட சட்டையும் நாலு நிமிஷமும்

வெரோனா, விஸ்கான்சின்
வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் ஆர்டெல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை லோர்னாவின் கணவன் வெர்லின் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். மினசோட்டாவில் நீங்களும் உங்கள் தூண்டில் கடையும், கடையில் விற்காமல் இருக்கும் புழுக்களும் நலம் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் லோர்னா போட்டுக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய பச்சைச் சட்டை வந்து சேர்ந்தது. நெஞ்சில் பெரிய மீன், மீனுக்கு மேலே கடைப் பெயர், முதுகு முழுக்க உங்கள் வாடிக்கையாளர்கள் இருபத்து மூன்று பேர் மார்க்கரில் போட்ட கையெழுத்து, இடது தோளில் உங்களுடையது. லோர்னா அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், "இத என்னால போட முடியாதுன்னு அண்ணனுக்கு நீங்களே எழுதிடுங்க, எனக்கு மனசு வராது" என்று சொல்லிவிட்டு நீந்தப் போய்விட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

கோபப்படாமல் படியுங்கள் மச்சான். போன வருஷம் இதே பந்தயத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஏரியில் இரண்டரை மைல் நீந்தி, நூற்றுப் பன்னிரண்டு மைல் சைக்கிள் மிதித்து வந்தவளை, சாயங்காலம் ஐந்தரைக்குள் வரவில்லை, நாலு நிமிஷம் தாமதம் என்று நிறுத்தி, கணுக்காலில் கட்டியிருந்த நேரப் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கழற்றிய செம்பட்டைத் தாடிக்காரர் நல்ல மனிதர், மன்னிப்புக் கேட்டபடியேதான் குனிந்தார். இருபத்தாறு மைல் ஓட்டத்தில் ஒரு அடி எடுத்து வைக்கக்கூட விடவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கூடை பொரித்த சீஸைத் தின்ற பிறகுதான் வாயைத் திறந்தாள். "என் காலு தோக்கல வெர்லின். காத்துதான் தோக்கடிச்சுது. சட்டை நாள் பூரா படபடன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு." அறுபத்திரண்டு வயதில் இத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்து, சைக்கிள் நின்ற இடத்தில் என் படகு நிற்குமா என்று கராஜில் அளவுகூட எடுத்துவிட்டேன். அவளோ மறுவாரமே காற்றோடு சண்டைக்குக் கிளம்பிவிட்டாள்.

முதலில் மாடிசனில் ஒரு கடைக்குப் போனோம். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்து, தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும் சூட், அதிலேயே நீந்தி, மிதித்து, ஓட வேண்டும். லோர்னா ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். தோளில் இழுக்கிறது, வயிற்றில் உப்புகிறது. நான் வேறு சைஸ் கேட்டேன். கடைக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சார், அவங்க நின்னுக்கிட்டா சைக்கிள் ஓட்டப் போறாங்க? நின்னு பாத்து அழகா இருந்துச்சுன்னா அது தப்பான சூட்" என்று சொல்லி, லோர்னாவை ஒரு ஸ்டூலின் மேல் குனிந்து முழங்கையை ஊன்றச் சொன்னாள். அப்படிக் குனிந்ததும் ஒரு சுருக்கம் இல்லை. அன்றிலிருந்து இவள் சாப்பாட்டு மேஜையிலும் அதே கோலத்தில்தான் உட்கார்ந்து சூப் குடிக்கிறாள்.

கையில்லாத கறுப்பு ஒன்று, முழங்கை வரை கை வைத்த வெள்ளை ஒன்று, இரண்டையும் வாங்கி வந்தோம். எது வேகம் என்று எப்படித் தெரியும்? லூத்தரன் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் இறக்கத்தில், காற்றில்லாத காலை நேரமாகப் பார்த்து, மேலிருந்து மிதிக்காமல் சைக்கிளை உருள விடுவாள். எங்கே நிற்கிறதோ அங்கே நான் சுண்ணக்கட்டியால் கோடு போடுவேன். ஒவ்வொரு சூட்டுக்கும் மூன்று தடவை. முப்பத்தொரு வருஷம் கவுண்ட்டிச் சாலைகளில் பனி அள்ளும் லாரி ஓட்டியவன் நான், எதிர்காற்று என்னவென்று தெரிந்தவன் என்றுதான் நினைத்திருந்தேன். போன வருஷம் படபடத்த பழைய நீலச் சட்டை தபால் பெட்டியருகே நின்றது. கறுப்பு ஒன்பது அடி தாண்டியது. வெள்ளை இருபத்தோரு அடி தாண்டியது. வெறும் துணி மச்சான், நம்பவே முடியவில்லை.

நான் அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். வெள்ளைச் சூட்டின் தோளில் கோடு கோடாக மேடு இருந்தது. மடித்து வைத்ததால் விழுந்த சுருக்கம் என்று நினைத்து, ஒரு நல்ல புருஷன் செய்வதுபோல் இஸ்திரிப் பெட்டியை எடுத்து இடது தோளை வழவழவென்று தேய்த்துவிட்டேன். வலது தோளுக்குப் போவதற்குள் வந்துவிட்டாள். "அந்த வரிதான் வெர்லின் காத்த ஏமாத்துது. அதப் போயி தேச்சுட்டீங்களே." திரும்பவும் இறக்கத்துக்குப் போனோம். இரண்டு அடி குறைந்தது. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். "ரெண்டு அடிதானே, அத நான் மிதிச்சுக்கிறேன், விடுங்க" என்றாள். இவளை நான் எப்படித்தான் கட்டிக்கொண்டேனோ, எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

கடைசியாக, சட்டை வந்த மறுநாள் காலையில், உங்கள் மேல் உள்ள மரியாதைக்காக, வெள்ளைச் சூட்டுக்கு மேலே உங்கள் சட்டையையும் போட்டு உருட்டிப் பார்த்தோம். பாதி இறக்கத்திலேயே காற்று உள்ளே புகுந்து மீன் பலூனாக உப்பிவிட்டது. தபால் பெட்டியைக்கூட எட்டவில்லை. பாதிரியார் ஜன்னலைத் திறந்து, "வெர்லின், அந்த மீனுக்கு உசுரு வந்துருச்சுப்பா" என்றார். என் நிலையை நீங்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாடிக்காரர் மறுபடி அவள் காலருகே குனிந்தால் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. ஆகவே சட்டை எங்கள் சாப்பாட்டு அறையில் ஆணியில் கௌரவமாகத் தொங்கும், பந்தயத்துக்கு வராது. இது முடிந்த முடிவு.

கடையில் வியாபாரமும் ஏரியில் மீனும் குறைவில்லாமல் இருக்கட்டும். கையெழுத்துப் போட்ட இருபத்து மூன்று பேருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

என்றும் உங்கள்,
வெர்லின் டெஸ்மர்

பின்குறிப்பு: திங்கட்கிழமை. தபால்தலை ஒட்ட மறந்து கடிதம் என் ஜாக்கெட்டிலேயே இருந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. நேற்று லோர்னா சைக்கிளிலிருந்து இறங்கியபோது மணி ஐந்து இருபத்தேழு. மூன்று நிமிஷம் மிச்சம். தாடிக்காரர் குனியவில்லை, கை தட்டினார். நான் அழுது மூக்கைத் துடைப்பதற்குள் உடை மாற்றும் கூடாரத்திலிருந்து வெளியே வந்தாள், வெள்ளைச் சூட்டுக்கு மேலே உங்கள் பச்சைச் சட்டையோடு. என் கண்ணில் படாமல் ஆணியிலிருந்து எடுத்து, ஓட்டத்துக்கான பையில் ஒளித்து வைத்திருக்கிறாள். "லோர்னா, காத்து" என்று கத்தினேன். "நான் ஓடுற வேகத்துக்கு ஏதுங்க காத்து? வழிய விடுங்க" என்று போய்விட்டாள். வழி நெடுக ஜனங்கள் "மீனக்கா, விடாதீங்க" என்று கூவினார்கள். பந்தயம் மூட இருபது நிமிஷம் இருக்கும்போது முடித்துவிட்டாள். எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். ஒரு சங்கதி: வியர்வையில் மை ஊறி முதுகில் இருந்த கையெழுத்தெல்லாம் அடியிலிருந்த வெள்ளைச் சூட்டில் இறங்கிவிட்டது. ஒன்றும் படிக்கிற மாதிரி இல்லை. நான் வழவழவென்று தேய்த்துக் கெடுத்த இடது தோளில் மட்டும் உங்கள் பெயர் அச்சடித்தது போல் விழுந்திருக்கிறது.