மூணு பெல் அடித்தால்தான் வண்டி கிளம்பும்

மணியோசை கேட்டால் பக்தி கொள்வோர் உண்டு. பசி கொள்வோரும் உண்டு. மணியோசைக்கு மட்டுமே கீழ்ப்படிந்து ஒரு மனிதர் வாழ முடியும் என்பதை உலகுக்குக் காட்டியவர், ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் தெருவில் வசித்த ‘மூணு பெல்’ ஒருவரே.

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில், செங்குத்துக் குழியான ஷாஃப்டின் வாயிலில் நின்று, கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி அனுப்பியவர் அவர். ஒரு பெல் அடித்தால் நில். இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறது. நிறுத்தாமல் அடித்தால் அபாயம், எல்லாரும் ஓடு. சுரங்கத்தை மூடினார்கள்; அவரை யாரும் மூடவில்லை. டவுன் பஸ்ஸில் கால் வைக்குமுன் கம்பியில் மூன்று தட்டுத் தட்டுவார். இதனால் அவருக்கும் கண்டக்டருக்கும் ஓயாத அதிகாரத் தகராறு. ஒருமுறை சலூன் நாற்காலியில் ஈ விரட்டக் கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டார். சவரக்காரரும் பழைய சுரங்கத் தொழிலாளி. ஓங்கிய கத்தியுடன் அப்படியே சிலையாகிவிட்டார்.

நான் பொறியியல் பட்டதாரி. கனரக இயந்திரத் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்பார்க் பிளக் மாற்றுவது எப்படி என்று எனக்கு ஐயமறத் தெரியும். என் இடுப்புக்குத்தான் தெரியாது.

பேத்தியின் திருமணம் பூதிகோட்டையில். மணப்பெண் என் பழைய வெள்ளைக் காரில்தான் மண்டபம் செல்வாள் என்று உறவினர் அனைவரிடமும் அறிவித்திருந்தேன். புறப்படவேண்டிய காலையில் கார் குலுங்கிக் குலுங்கி இருமியது. மெக்கானிக் திருவிழாவுக்குப் போய்விட்டார். பெங்களூரிலிருந்து புதிய காரில் வந்திறங்கிய என் மைத்துனர் வாய்விட்டுச் சிரித்தார்.

“மாமா, வண்டி இருமுதே, கஷாயம் குடுத்தீங்களா? பேசாம பொண்ண என் வண்டியில ஏத்துங்க.”

இதைக் கேட்டுக்கொண்டே மூணு பெல், பிளக் ஸ்பேனருடன் எங்கள் வாசலுக்கு வந்தார். கூடவே ஓர் எவர்சில்வர் தட்டும் கரண்டியும். வந்தவுடன் கார் சாவியைப் பிடுங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“உள்ள கை இருக்கசொல்ல சாவி நம்மகிட்டதான் இருக்கணும் சார். நீங்க இன்னா படிச்சிருந்தாலும் சரி.”

“என்ஜின் முதலில் ஆறவேண்டும்,” என்றேன்.

“ஆறட்டும். அதுக்குள்ள ஒரு டீ சொல்லுங்க.”

ஆறியபின் ஒயர் ஒன்றைக் கழற்றி, சுற்றிலும் தூசியை ஊதி, முதல் பிளக்கைத் திருகி எடுத்தார். முனை முழுவதும் கரி. அது இருந்த துளையை உடனே துணியால் மூடினார். “ஷாஃப்ட் வாய தொறந்து போடலாமா சார்?” பிறகு நான் வாங்கி வைத்திருந்த புதிய பிளக்கைக் கையில் ஏந்தி என்னைப் பார்த்தார். “இன்னா நிக்கறீங்க? ரெண்டு அடிங்க, இறக்கணும்!”

பட்டு வேட்டியுடன் நின்ற நான், குடும்ப மானத்தை எண்ணித் தட்டில் இரண்டு அடித்தேன். மைத்துனர் அதைச் செல்போனில் படம் பிடித்தார்.

அந்நேரம் பூஜையறையில் ‘டிங்’ என்று ஒரு மணி.

“ஸ்டாப்பு! யாரு அடிச்சது?”

“சாமிக்கு அடிச்சேன்,” என்றாள் என் மனைவி.

“சாமி சொன்னாலும் ஸ்டாப்புதாம்மா.” அசையவே இல்லை. அவளே வந்து இரண்டு அடித்தபின்தான் வேலை தொடர்ந்தது.

முகூர்த்த நேரம் நெருங்கியது. மைத்துனர் தம் காரில் ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடித்தார். பேத்தி என் முகத்தையும் அந்தக் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்காவது பிளக்கை இறுக்கியாயிற்று. ஒயர் மாட்டுவதுதான் பாக்கி. அப்போது உள்ளே கற்பூரம் ஏற்றிய என் மனைவி, மணியை நிறுத்தாமல் அடிக்கத் தொடங்கினாள்.

“ஓடுங்க! எல்லாம் வெளிய வாங்க!”

ஸ்பேனரைப் போட்டுவிட்டு மூணு பெல் மணப்பெண்ணைத் தெருவுக்கு இழுத்தார், என்னைத் தள்ளினார், மைத்துனரைக் காரிலிருந்து உருவி எடுத்தார். அவர் போட்ட கூச்சலில், தெருவிலிருந்த பழைய சுரங்கத்தார் அத்தனை பேரும் வீட்டைவிட்டுப் பாய்ந்து வந்தனர். ஒருவர் முகத்தில் பாதி சோப்பு நுரை. ஆரத்தித் தட்டுடன் வெளியே வந்த என் மனைவி திகைத்தாள்.

“இன்னாங்க, இம்மாம் கூட்டம்?”

மூணு பெல் சற்றும் வெட்கப்படவில்லை. “சிக்னலு கரெக்டு. அடிச்சவங்கதான் தப்பு,” என்று தீர்ப்பளித்துக் கடைசி ஒயரை மாட்டினார், பானெட்டைச் சாத்தினார், சாவியை என்னிடம் தந்தார். பேத்தி ஏறினாள். தட்டில் மூன்று அடி விழுந்தது.

“ஆள் ஏறுது!”

சாவியைத் திருப்பினேன். ஒரு கனைப்புக்கூட இல்லாமல் வண்டி கிளம்பியது. தெருவே கைதட்டியது. கிளம்பாமல் நின்றது மைத்துனரின் வண்டிதான்: உருவி எடுத்த வேகத்தில் சாவி உள்ளேயே தங்கி, கதவுகள் தாமாகவே பூட்டிக்கொண்டிருந்தன. வேறு வழியின்றி என் காரின் பின்னிருக்கையில் ஒடுங்கினார். பூதிகோட்டை வரை இருமியது அவர் மட்டுமே.

இப்போது மூணு பெல், மகனுடன் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். லிஃப்ட் கதவை மூன்று முறை தட்டாமல் அவரும் ஏறுவதில்லை. வேறு யாரையும் ஏறவிடுவதும் இல்லையாம்.

என் கார் இன்னும் ஓடுகிறது. காலையில் தெருவில் ஆளில்லை என்பதை நன்கு உறுதி செய்துகொண்ட பிறகு, ஸ்டியரிங்கில் என் மோதிரத்தால் மூன்று முறை தட்டுகிறேன்.