மாடியைக் காலி செய்யும் வழி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட அன்று, நஸ்ருதீனை மாடியிலிருந்து காலி செய்துவிடுவது என்று உறுதி எடுத்தேன். ஹஜ்ஜுப் பெருநாளோடு அவன் வாடகை நின்றுபோனது. செல்போன் கடையை மூடிவிட்டான். பாவம்தான். ஆனால் நானும் பாவம்தான்.

எங்கள் ஆட்களில் வீடு பெண்ணுக்குத்தான். காரைக்காலில் நான் குடியிருப்பது என் மனைவி அமீர் நிஷாவுக்கு அவள் வாப்பா சீராகக் கொடுத்த வீட்டில். மாடி மட்டும் என்னுடையது. ஷார்ஜா வெயிலில் நின்று இங்கே கட்டியது. அந்த வாடகை ஒன்றுதான் யாரையும் கேட்காமல் நான் செலவழிக்கும் காசு. அது நின்றதிலிருந்து சர்க்கரை மாத்திரைக்கும் நிஷாவிடம் கை நீட்டுகிறேன். கொடுத்துவிடுவாள். எதற்கு என்று கேட்ட பிறகு.

வாடகை தராதவனை என்ன செய்வது? தண்ணீரை நிறுத்தலாம். மோட்டார் சுவிட்ச் நிஷாவின் அடுப்படியில் இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் விடலாம். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறவனுக்கு நோட்டீஸ் விட்டுவிட்டு, தொழுகை முடிந்ததும் எந்தப் பக்கம் திரும்பி ஸலாம் கொடுப்பது?

கடைசியில் வழி கிடைத்தது. பெண்ணுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றால் காலி செய்யாத ஆள் இந்த ஊரில் கிடையாது. படியேறினேன்.

"நஸ்ருதீன், எம் மக அஃபீஃபாவுக்கு நிக்காஹ் முடிவாயிருக்கு. மாடிய அவளுக்குத்தான் குடுக்கணும்."

அவன் முகம் சுருங்கியது. சமாளித்துக்கொண்டான். "மாஷா அல்லாஹ். மாப்பிள்ளை யாரு, காதர் பாய்?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை.

"அதெல்லாம் நிஷாவுக்குத்தான் தெரியும்."

எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் நான் சொல்லும் பதில்தான் அது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நான் கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் நஸ்ருதீனின் மனைவி நஜீபா, சீனிக் கிண்ணத்தோடு என்னைத் தாண்டி நிஷாவிடம் போய்விட்டாள்.

"லாத்தா, ஒரு வார்த்த சொல்லலியே! மாப்பிள்ளை யாரு?"

மீன் கழுவிக்கொண்டிருந்த நிஷா என்னைப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன். 'எந்த மாப்பிள்ளை?' என்று அவள் கேட்டிருந்தால் என் மானம் போயிருக்கும். கேட்கவில்லை. கையைத் துடைத்தாள். சீனியை ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"மேல வந்தவங்க சொல்லலியா? ஒன் கொழுந்தன் அஸ்ஃபாக்தான்."

நஜீபா அழுதுவிட்டாள். "வாடக குடுக்க வக்கில்லாத எங்க வீட்லயா லாத்தா?"

"வாடகயப் பத்தி யாரு பேசுனா? இவங்களா? பேசவே மாட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு மொறையா சொல்லத்தானே படியேறி வந்தாங்க."

நஜீபா மேலே ஓடியதும் கேட்டேன். "என்ன நிஷா இது?"

"தங்கமான புள்ள. கரண்ட் ஆபீஸ்ல சேந்து இன்னும் மொத சம்பளமே வாங்கல. ரெண்டு தடவ உங்ககிட்ட பேச்செடுத்தேன். வாடக தராதவன் தம்பிக்குப் பொண்ணான்னு குதிச்சீங்க. இப்ப நீங்களே போய்ப் பேசிட்டு வந்துட்டீங்க."

"நான் பொய்தானடி சொன்னேன்!"

"மெதுவா. அதையும் மேல போய்ச் சொல்லிட்டு வாங்க."

"அஃபீஃபாவக் கேட்டியா?"

"நீங்க கேளுங்க. கதவுக்குப் பின்னாலதான் நிக்கிறா."

கேட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்று அந்த வீட்டில் சிரித்த ஒரே முகம் அது. என் கதை அதோடு முடிந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் நிக்காஹ் நடந்தது. மாடியை மகள் பெயருக்கு எழுதினேன். மாப்பிள்ளையோடு அவன் அண்ணன் குடும்பமும் அங்கேயே இருக்கிறது. சம்பந்தியிடம் வாடகை கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பசியாற அனுப்பும் வழக்கம் இருக்கிறது. தினமும் காலையில் இடியாப்பமும் கறியும் தூக்கிக்கொண்டு படியேறுகிறேன்.

நேற்று நஸ்ருதீன் தட்டை வாங்கிக்கொண்டு தளத்தை அண்ணாந்து பார்த்தான்.

"சம்மந்தி, ஒழுகுது. எப்ப ஆள் விடுறீங்க?"