மீனுக்குக் காம்பு உண்டா?

நாற்பது வயதைத் தாண்டிய பெண் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளக் கிளம்பினால் எல்லோரும் பாராட்டுவார்கள். கற்றுக்கொண்டதை அவள் காட்டும் வரைதான் அந்தப் பாராட்டு.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் ஹாலில் ஞாயிறுதோறும் ஓவிய வகுப்பு ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவள் சுகன்யா. என் மகள் வயதுதான் இருக்கும். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பித்தளைத் தட்டில் ஒரு நேந்திரம்பழமும் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தாள்.

"தெரிஞ்சத வரையாதீங்க மேடம். கண்ணுக்குத் தெரியறத வரைங்க."

நான் அதை உபதேசமாகவே எடுத்துக்கொண்டேன். (அதுதான் தப்பாம். இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.)

மற்றவர்கள் அன்றைக்கே மஞ்சள் பூசி முடித்துவிட்டார்கள். எனக்குத் தட்டை வட்டமாகக் கொண்டுவரவே பொழுது போய்விட்டது. பழத்தைத் தட்டோடு ஹால் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு பழம் கறுத்துச் சுருங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த பத்மா மாமி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"புதுசா ஒண்ணு வாங்கி வைக்கட்டுமா மேடம்?" சுகன்யா கெஞ்சினாள்.

"கண்ணுக்குத் தெரியறதத்தானே வரையச் சொன்னீங்க?"

வரைந்தேன். கறுப்புக்குள் கொஞ்சம் நீலம், ஓரத்தில் ஈயம் பூசினாற்போல் ஒரு மினுமினுப்பு, வெளிச்சம் விழுந்த முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி. (அந்தப் புள்ளியை வைத்ததும் எனக்கே கை தட்டத் தோன்றியது.)

எங்கள் படங்களையெல்லாம் அதே ஹாலில் மாட்டிய அன்று, அசோசியேஷன் செயலாளர் ராகவன் மாமா என் படத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, பெருமாள் படம் வச்சுப் பாராயணம் பண்ற ஹால். இங்க போய் மீனை மாட்டலாமோ?"

ஹாலில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் அவசரமாகப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். (மணி அடிக்கவே இல்லை.)

"மாமா, அது நேந்திரம்பழம்."

"கண்ணு இருக்கே?"

"அது வெளிச்சம்."

"பக்கத்துல எலுமிச்சம்பழம் வேற வச்சிருக்கே!"

"மீனுக்குக் காம்பு உண்டா மாமா?"

"அது வால்னு நினைச்சேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காது சுட்டது.

"கழட்டி வச்சிடலாமா மேடம்? இல்லேன்னா கீழ 'வாழைப்பழம்'னு எழுதிடலாம்," என்று சுகன்யா கிசுகிசுத்தாள்.

எழுதுவதாவது! நேராகப் போய் அலமாரியைத் திறந்தேன். முன்வரிசை நாலடி பின்வாங்கியது. இன்னும் அங்கேயே இருந்த பழத்தைத் தட்டோடு தூக்கிவந்து படத்தின் பக்கத்தில் பிடித்தேன். ராகவன் மாமா பழத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி பழத்தைப் பார்த்தார்.

"இதுவும் மீன் மாதிரிதாம்மா இருக்கு."

"அப்ப நான் சரியாத்தானே வரைஞ்சிருக்கேன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைக்க ஆரம்பித்தார். படம் சாயங்காலம் வரை அங்கேயே தொங்கியது. கடைசி ஆள் போகும் வரை நானும் அதன் பக்கத்திலேயே நின்றேன்.

இப்போது அது எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்குகிறது. சுகன்யா வகுப்பில் பிளாஸ்டிக் பழம்தான் வைக்கிறாளாம். கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் என் கணவர் மாடிப்படியில் நின்று, அக்கம்பக்கமெல்லாம் கேட்கக் குரல் கொடுப்பார்: "மீன் ஒரு சீப்பு வாங்கிட்டு வரட்டுமா?"

நானும் சளைக்காமல் உள்ளேயிருந்து கத்துவேன்: "நல்லாப் பழுத்ததா பாத்து வாங்குங்க!"