சனிக்கிழமை வரவேண்டாம், பெரியம்மா

அன்பும் மரியாதையும், அவற்றைவிட ஒரு பிடி அதிகமாகக் கோபமும் கொண்டு பெரியம்மாவுக்கு எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. மூன்றாவது கீமோ முடிந்து, எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்கியது போல இருக்கிறது, மற்றபடி நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் ரகசியம் வெளியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை நான் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்த நேரத்தில், ஆஸ்பத்திரியில் இவரிடம் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். நோயாளியின் மனக்கஷ்டம் பத்துக்கு எத்தனை என்று வட்டமிட்டு, காரணத்தையும் எழுத வேண்டுமாம். மனிதர் எனக்காக எழுதிக் கொடுத்துவிட்டார். அரை மணி நேரத்தில் மனநல ஆலோசகர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "ஒன்பதுன்னு போட்டிருக்கீங்க, மனசு விட்டுப் பேசுங்கம்மா" என்கிறார். பார்த்தால் இவர் கையெழுத்து! காரணம்: 'சனிக்கிழமை பெரியம்மா வந்து குழந்தையை அழைத்துப் போவதை இவளிடம் எப்படிச் சொல்வது?' இவரை உள்ளே வரவழைத்து, "யாரோட கஷ்டத்தை சார் கேட்டோம்?" என்றதற்கு, "வீட்டுக்கு மொத்தமா கேக்கறீங்கன்னு நினைச்சேன்" என்றவர், டப்பாவில் பாதியைத் தானே காலி செய்தார்.

ஆக, சிகிச்சை முடிகிறவரை என் நாலு வயது மகள் உங்கள் வீட்டில்; என் மொட்டைத் தலையைப் பார்த்து அவள் பயந்துவிடுவாள் என்று நீங்களும் இவரும் போனிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று. என்னை ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா? கட்டி வந்தது மார்புல, பெரியம்மா, மூளையில இல்ல. பயந்தது யார் தெரியுமா? சித்தப்பா! செருப்பைக்கூடக் கழற்றாம வாசல்லயே ஓன்னு அழுதவருக்குத் தண்ணி கொடுத்து, முதுகைத் தடவி, "எனக்கு ஒண்ணும் ஆகாது சித்தப்பா"ன்னு தேத்தி அனுப்பினது நான். உங்க பேத்தியோ, நான் தூங்கறப்போ ஸ்கெட்ச் பேனாவால என் தலையில பூனை வரைஞ்சிருக்கா. அது தெரியாம நான் ஆஸ்பத்திரியில தலையில கட்டியிருந்த துணியை அவிழ்க்க, நர்ஸ் உத்துப் பார்த்து, "அந்த அஞ்சாவது, காலா வாலா?"ன்னு கேக்கறாங்க. வீட்டுக்கு வந்து அவளைத் திட்ட வாயெடுத்தா, "அம்மா, நீ செத்துப் போயிடுவியா?"ங்கறா. "போகாம இருக்கத்தான் மருந்து"ன்னேன். "சரி, குனி, மீசை போடணும்"ன்னுட்டா. இவளையா பயப்படுவான்னு அனுப்பறது? மாட்டேன். அவள் இங்கேதான் இருப்பாள். நீங்கள் சனிக்கிழமை வரவேண்டாம்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம். வயதில் சின்னவள்தான், ஆனாலும் உங்கள் முழங்காலுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
இன்னும் சுயநினைவோடு இருக்கும்
உங்கள் தங்கை மகள்

பி.கு.: மேலே எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட அடிக்க மாட்டேன். ஆனாலும் சனிக்கிழமை வாங்க. அவளைக் கூட்டிட்டுப் போக இல்ல, இங்க தங்க. கீமோ போட்டா மூணு நாள் எழுந்திருக்க முடியல. இவர் பின்னி விடற சடையைப் பார்த்து ஸ்கூல்ல சிரிக்கிறாங்களாம். அப்புறம், அவ தூங்கினதும் நான் கொஞ்சம் அழணும், பெரியம்மா. இவர் முன்னாடி முடியல. எனக்கு முந்தி ஆரம்பிச்சிடறார்.