பெரேதயா குடியிருந்த லேப்டாப்

"திறக்காதேன்னா திறக்காதே, நிலூக்கா. உள்ள இருக்கிறது வெளிய வந்துச்சுன்னா..." ஜயலத் லேப்டாப்பைக் கையால் மறைத்தான்.

"உள்ள இருக்கிறது தூசி. அது வெளிய வரணும்னுதான்..."

"செத்துப்போன வெள்ளைக்காரன்டி. குருன்னான்சே பேரே சொல்லிட்டாரு."

"என்ன பேரு?"

"ஜான்."

வெள்ளைக்காரனுக்கு வேறென்ன பேர் இருக்கும்?

குருநாகல் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பேயோட்டுகிற சோமதிலக குருன்னான்சே கடை விரித்து மூன்று மாதம்தான் ஆகிறது. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துக்கட்டிய லேப்டாப்புகளை மலிவாக வாங்கியிருந்த ஊருக்கு அவர் ஒரு பயத்தை இலவசமாகக் கொடுத்தார். மேசையிலேயே மாரடைத்துச் செத்த குமாஸ்தா, ஆசை விடாமல் பெரேதயா என்கிற பசிப் பேயாகி, தன் மெஷினுக்குள்ளேயே குந்தியிருக்கிறானாம். அதனால்தான் அது ஊர்கிறதாம். ஐந்து வருடத் தூசி என்று உண்மையைச் சொன்னால் யார் வெற்றிலைச் சுருளுக்குள் ஐயாயிரம் வைத்துக் கொடுப்பார்கள்?

ஆகவே கூட்டம். தலையணை உறையில் லேப்டாப், கையில் ஏழு எலுமிச்சை. வாரியபொல டீச்சர் வந்தார். பத்திரம் எழுதுகிற மாஹோ நொத்தாரிசு வந்தார். கணினி வகுப்பு நடத்துகிற வாத்தியாரும் வந்தார். அவர் கையில்தான் எலுமிச்சை அதிகம்.

முதல் தரிசனம் இலவசம். சிவப்புத் திரைக்குப் பின்னால் மெஷின் கால் மணி நேரம் போகும், பறை அதிரும். திரும்பி வரும்போது முன்னைவிட மோசமாக ஊரும். பெரேதயா முழித்துக்கொண்டான் என்பார் குருன்னான்சே. இரண்டாம் தரிசனத்துக்குத்தான் ஐயாயிரம், அப்போது ஓடும். இடையில் யாராவது அடிமூடியைத் திறந்தால் பெரேதயா அந்த வீட்டு ஆள்மேல் ஏறிவிடுவான் என்பது எச்சரிக்கை.

நிலூக்காவுக்கு ஜானைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. திங்கட்கிழமைக்குள் நாற்பது பதிவு முடியாவிட்டால் வேலை போச்சு. லேப்டாப்பில் போடப் பதினாறு ஜிபி புது மெமரி வாங்கி வைத்திருந்தாள். அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, கணவன் ஜயலத் மெஷினை முதல் தரிசனத்துக்குத் தூக்கிப்போய்விட்டான். திரும்பி வந்ததும் பார்த்தால், திரையில் எட்டு என்றிருந்த மெமரி நாலு என்றிருந்தது.

"உன் ஜான் பாதி மெமரியைத் தின்னுட்டானா?"

"பசியோட செத்திருப்பான்," என்றான் ஜயலத், சிரிக்காமல்.

அவள் சண்டையை விட்டாள். சரி, இரண்டாம் தரிசனத்துக்கே போவோம் என்றாள். சந்தோஷத்தில் அவன் சட்டை தேடப் போனான். அதற்குள் அடிமூடியின் எட்டு ஸ்க்ரூ தலையிலும் சிவப்பு நகப்பூச்சை ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டாள்.

திரைக்குப் பின்னால் பறை அதிர்ந்தது, எலுமிச்சை விழுந்தது. வெளியே வந்த மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் உயிர்பெற்றது. "சாது, சாது" என்று கைகூப்பியது கூட்டம். ஜயலத் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நிலூக்கா மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தாள். எட்டுப் பொட்டும் உடைந்து பெயர்ந்திருந்தன.

"குருன்னான்சே, நீங்க இதைத் திறக்கலியே?"

"திறந்தா நான் உயிரோட இருப்பேனா, மகளே?"

"அப்ப ஜானே ஸ்க்ரூவைக் கழட்டிட்டுப் போயி, மறுபடி மாட்டியும் விட்டானா? நல்ல ஒழுங்கான ஆளு."

மந்திரச் சூட்டில் பூச்சு வெடித்திருக்கும் என்றார் அவர். சூடுதான், சூடுதான் என்று தலையாட்டினார்கள். தன்னுடையதும் சுட்டது என்றார் நொத்தாரிசு.

நிலூக்கா பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். கூட்டம் நாலடி பின்வாங்கியது. நொத்தாரிசு தலையணை உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டாள். அதை எதிர்மந்திரம் என்று நினைத்துச் சிலர் கும்பிட்டார்கள். எட்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, பழைய அட்டை ஒன்றை விளிம்பில் ஓட்டினாள். மூடி பிளந்தது.

வெளியே வந்தது தூசி. கூடவே ஒரு செத்த எறும்பு.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மெமரியின் இருபக்கக் கொக்கியையும் விலக்கினாள். அது தலைதூக்கியது. அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டு, ஊதா மையில்: ஜயலத், குருநாகல், செவ்வாய். இன்று வரிசையில் பதினோரு மெஷின். அவசரத்தில் இந்தச் சீட்டைக் கிழிக்க மறந்திருக்கிறார்.

வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் அதே ஊதா மை, அதே கையெழுத்தில் குருன்னான்சே எழுதிக் கொடுத்த வரிசைச் சீட்டு. டீச்சர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். நேரே போய்ச் சிவப்புத் திரையைப் பிடித்து இழுத்தார். பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் இரண்டு டஜன் மெமரி, ஆளுக்கொரு பெயரோடு, இரண்டாம் தரிசனத்துக்காகக் காத்திருந்தன.

"நீ திறந்துட்ட. இனி நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்லை," என்றபடி குருன்னான்சே செருப்பைத் தேடினார். டீச்சர் அவர் சால்வையை விடுவதாக இல்லை.

நிலூக்கா பையில் கொண்டுவந்த புது மெமரியைச் சாய்வாகச் செருகி அமுக்கினாள். டக்கென்று உட்கார்ந்தது. பேட்டரியை இணைத்து மூடியை மாட்டினாள். போர்டோடு ஒட்டியிருந்த நாலும் புதுப் பதினாறும் சேர்ந்து திரையில் இருபது. நாற்பது பதிவும் திங்களுக்குள் முடிந்துவிடும். மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டும்போது நொத்தாரிசு ஓடி வந்தார்.

"நங்கி, இவன் போலி, சரி. அசல் குருன்னான்சே எந்த ஊர்ல இருக்காரு?"

அவள் ஸ்க்ரூ டிரைவரை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எட்டு ஸ்க்ரூவுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கவும் இன்னொருத்தன் வேணும்னா, உங்க கண்ணு யார்கிட்ட அடகுல கிடக்கு, மாத்தயா?"